வெள்ளிக்கிழமையை அறிந்த பிசின்

எஃகுத் துண்டு உடைய நான்கு நிமிடம் போதும்.
இரும்புப் பற்களில் கவ்வி இரு பக்கமும் இழுத்தால்
முதலில் தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று நிற்கும்.
பிறகு நடுவில் மெலிந்து ஒரு கழுத்து.
பிறகு டப்.
பிர்த்தெ காதுப்பஞ்சை எடுத்துவிட்டு
பாதிகளைப் பொருத்திப் பார்ப்பாள்:
ஒன்று கிண்ணம், ஒன்று கூம்பு,
இரண்டும் இன்னும் சூடு.

பிசின் அப்படியில்லை.
ஆல்போர்க் ஆய்வுக்கூடத்தின் நிலவறையில்
தேன் நிறத்தில் பன்னிரண்டு எபாக்சிப் பட்டைகள்
ஆளுக்கொரு எடையைச் சுமந்து
போன ஆகஸ்டிலிருந்து தொங்குகின்றன.
எறும்பு ஊரக் கல்லும் தேயுமாம்.
இங்கே எறும்புகூட இல்லை.
எடை சும்மா இருக்கிறது, பட்டை சும்மா இருக்கிறது,
ஆனாலும் நீள்கிறது,
மயிரிழையை நூறாய்க் கிழித்தால் வரும் அளவு.

காற்றாலையின் இறக்கை
இருபது வருடத்தில் எவ்வளவு குனியும் என்று கேட்டிருக்கிறார்கள்.
இருபது வருடத்துக்கு எங்கே போவேன்?
என்னிடம் இருப்பது ஏழு மாதம்,
ஒரு சமன்பாடு, ஐந்து மாறிலிகள்.

கோடு நன்றாகத்தான் படிந்தது.
அக்டோபர் முதல்தான் அதில் சிறு சிறு படிகள்.
ஏறும், தயங்கும். ஏறும், தயங்கும்.
பன்னிரண்டும் ஒரே நேரத்தில்.
ஆறாவதாக ஒரு மாறிலியைச் சேர்த்தேன்,
யாரும் தொடாத கிரேக்க எழுத்து ஒன்றைத் தேடிச் சூட்டினேன்.
மூலக்கூறுச் சங்கிலிகளுக்குள்
ஏதோ ஒன்று உறங்கி விழிக்கிறது என்று
இரண்டு பக்கம் எழுதினேன்.
வெட்கத்தோடு சொல்கிறேன், அழகான இரண்டு பக்கம்.

பிர்த்தெ கம்பு ரொட்டியை மென்றபடி படித்தாள்.
கடைசி வரிவரை படித்தாள்.
"வெள்ளி மாலை யோர்ன் ஹீட்டரைக் குறைத்துவிட்டுப் போகிறார்.
திங்கள் காலை ஏற்றுகிறார்.
குளிர்காலச் சிக்கனம், சுற்றறிக்கை வந்ததே."

அந்த வெள்ளி நானும் இறங்கிப் போனேன்.
யோர்ன் சாவிக்கொத்து குலுங்க வந்து
திருகைப் பதினைந்துக்குத் திருப்பினார்.
"கீழே யாரும் இருப்பதில்லையே" என்றார்.
பன்னிரண்டு பேர் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

திருப்ப வேண்டாம் என்று சொல்லத்தான் போனேன்.
சொல்லவில்லை.
வட கடலில் நிற்கும் இறக்கைக்கு
ஹீட்டரை யார் ஏற்றி வைப்பார்கள்?
ஆறாம் மாறிலியை அழித்தேன்,
அந்த இடத்தில் வெப்பநிலையை எழுதினேன்.
இரண்டு பக்கம் ஒன்றரை வரியானது.

மார்ச்சில் ஒரு ஞாயிறு, ஆளில்லாத நேரம்,
ஏழாவது பட்டை முறிந்தது.
நடுவில் அல்ல, பிடியின் ஓரத்தில்.
பிடியில் முறிந்தது கணக்கில் சேராது.
பிர்த்தெ பதிவேட்டில் அப்படியே எழுதிக் கோடு போட்டாள்.
நான் திங்கள் காலை போனபோது
விழுந்த எடை ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தது,
துடைத்துச் சுத்தமாக.
அதன்மேல் பென்சிலால் எழுதிய துண்டுச் சீட்டு:
நான் தொடவில்லை. யோர்ன்.