இதர

படிவத்தில் பெயர் எழுதக் கூடாது.
டாக்டர் என்றால் ட. செவிலி செ. மாணவர் மா.
மீதிப் பேர் எல்லாரும்
இதர.
பாளையங்கோட்டையில் எந்த ஆஸ்பத்திரி என்றும்
சொல்லக் கூடாது. சொல்லவில்லை.

குழந்தைகள் வார்டு. ஜன்னலோரம்
கால் ஆடும் ஒரு நாற்காலி.
ஆடும் காலுக்கு அடியில்
பாழான படிவமொன்றை மடித்து வைத்தேன்.
இருபது நிமிடம் பார், பத்து நிமிடம் ஓய்வு.
பிள்ளையைத் தொடும் முன் கழுவினாரா,
தொட்ட பின் கழுவினாரா.
கழுவினால் கோடு, கழுவாவிட்டால் வட்டம்.
முகத்தைப் பார்க்காதே, கையைப் பார் என்று
பயிற்சியில் சொல்லியிருந்தார்கள்.

முதல் இரண்டு நாளும் கோடுகள்தான்.
நான் தலையைத் திருப்பினால் குழாய் திறந்தது.
ஒரு வாரத்துச் சோப்பு செவ்வாய்க்கிழமையே கரைந்தது.
அந்த இரண்டு நாளைக் கணக்கில் சேர்க்காதே,
சுவரில் பல்லி மாதிரி ஆகும்வரை
உட்கார்ந்திரு என்பது விதி.

ஐந்தாம் நாள் பல்லியானேன்.
யாரோ என் மடியில்
டிபன் பையை வைத்துவிட்டுப் போனார்கள்.
வட்டங்கள் வரத் தொடங்கின.

மா-2 மோதிரத்தைக் கழற்றிச்
சட்டைப்பையில் போட்டுத்தான் கழுவுவான்.
ஒரு நாள் காணோமென்று
வார்டே குனிந்து தேடியது.
ட-1 ஈரக்கையை உதறுவது
தீர்த்தம் தெளிப்பது போலிருக்கும்.
இதற்கெல்லாம் குறி கிடையாது.
பதினொரு மணிக்கு மேல் குழாயில் காற்றுதான்,
இரண்டு மைல் தள்ளித் தாமிரபரணி ஓடுகிறது;
அதற்கும் கட்டமில்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்,
கணினியில் ஏறாது என்று தெரிந்தே.

என்னைச் சரிபார்க்க இன்னொருவர்.
மைதீன் பிச்சை, மேலப்பாளையம்.
அந்த மூலையில் அவர், இந்த மூலையில் நான்.
ஒரே கைகள், இரண்டு தாள்கள்.
வேலை முடிந்து டீக்கடையில் ஒப்பிடுவோம்.
நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று பொருந்தியது.
"குருட்டாம்போக்குல பொருந்துறதும் உண்டும்லா,
அதக் கழிக்கணும்" என்பார்.
கழித்தால் எண்பத்திரண்டு.
அதுவும் நல்ல எண்தான்.

வெள்ளி இரவு, இரண்டு நாற்பது.
ஏழாம் கட்டிலில்
சிவந்திப்பட்டிப் பிள்ளைக்கு வலிப்பு.
செ-4 ஓடினாள்.
ஒரு செருப்பு வழியில் கழன்று கிடந்தது.
மூன்றாம் கட்டிலிலிருந்து ஏழுக்கு,
குழாயைத் தாண்டி.
வட்டம்.
பிள்ளை அடங்கியபின் சுவரில் சாய்ந்தாள்,
விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன.
இன்னொரு வட்டம்.

மைதீன் பிச்சையின் தாளில்
அந்த இடம் வெறுமையாய் இருந்தது.
"கண்ணசந்துட்டியளா?"
"முழிச்சுத்தான் இருந்தேன்" என்றார்
டீயை ஆற்றியபடி.
அன்றைக்கு எங்கள் எண் இறங்கிப்போனது.

கடைசி நாள் தாள்களை அடுக்கும்போது
துடைப்பத்தைச் சாத்திவிட்டு அவள் வந்தாள்.
இதர. என் வயசுதான் இருக்கும்.
"எல்லாத்தையும் எண்ணியாச்சா?"
"ம்."
"நான் ஒங்கள எண்ணுனேன்.
பென்சில வாயில வச்சது
நாளைக்கு இருவதுக்குக் கொறயாது.
கட்டில் கம்பியப் பிடிச்சது மொத்தம் நாப்பத்திரெண்டு.
கை கழுவுனது
சோறு திங்கப் போறப்ப மட்டுந்தான்.
பெறவு, வலிப்பு வந்த அன்னைக்கு
நீங்கதான எந்திரிச்சு ஓடி
அந்தப் பிள்ள காலப் பிடிச்சிய?
மேசக்கார அண்ணன் பாத்துட்டுத்
தலயக் கவுத்துக்கிட்டாவ.
அதுக்கு என்ன போட்டிய,
கோடா வட்டமா?"

பெயர் கேட்டேன். உலகம்மாள்.
எழுதக் கூடாது.
வெள்ளிக்கிழமைத் தாளை உருவி
இதர என்ற வரிசையில்
எனக்கொரு வட்டம் போட்டேன்.
அவள் குனிந்து பார்த்து,
"ரெண்டுல்லா வரணும்,
பின்னாலயும் கழுவலியே" என்றாள்.

மணி பதினொன்று பத்து.
எழுந்துபோய்க் குழாயைத் திருகினேன்.
அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.