கட்டைவிரல் வேகம்

பதினான்கு வருடம்
ஹேமாவதி அடுத்து என்ன சொல்வாள் என்று
இந்த மாநிலத்தில் எல்லோருக்கும் ஒரு வரி முன்னதாகத்
தெரிந்தவன் நான்.

கேமரா முன்னால் சாய்ந்த கண்ணாடி,
அதில் எழுத்துகள் மேலேறும்.
ஏற்றுவது என் கட்டைவிரல்.
மந்திரி பெயருக்கு முன் சின்னதாய் ஒரு மூச்சு,
இறந்தவர் எண்ணிக்கைக்கு முன் கொஞ்சம் பெரியது,
பெட்ரோல் விலைக்கு மூச்சே கிடையாது.
அவளுக்குத் தும்மல் வரப்போவது
அவள் மூக்குக்கு முன்னால் என் விரலுக்குத் தெரியும்.

வேலைக்கு எடுக்கும்போது ஊர் எது என்று கேட்டார்களாம்.
ஹலசூரு என்றாளாம்.
அல்சூர் என்று வாய் தவறியிருந்தால்
எட்டு மணி வேறு யாருக்கோ.
நான் மர்ஃபி டவுன். என்னை யாரும் கேட்கவில்லை.
விரலுக்கு ஏது உச்சரிப்பு.

அப்பா முனிரத்தினம் வெறும் 'எம்' ஆனார்.
புடவை ஜெயநகர்க் கடைக்காரருடையது,
செய்தி முடிந்ததும் மடித்துத் தர வேண்டும்.
ரவிக்கையின் முதுகில் ஒன்பது குண்டூசி,
மேசைக்கடியில் ரப்பர் செருப்பு.
ஜனங்களுக்கு முன்பக்கம் மட்டும்தான்.

நடக்கிற தூரத்தில் பிறந்த நாங்கள் இரண்டு பேரும்
கன்னடத்தில்தான் சண்டை போட்டோம்.
'ப்ராம்ப்டர், ஸ்வல்ப நிதானா' என்பாள்.
என் பெயர் அவளுக்குத் தெரியுமா என்பது
எனக்குத் தெரியாது.

பிறகு தீர்ப்பு வந்த அந்த நாள்.
மைசூர் ரோட்டில் டயர் எரிந்தது,
டிஎன் என்று தொடங்கும் லாரிகள் எரிந்தன.
மேசை மேல் அவளுடைய போன்
கவிழ்த்து வைத்தும் நடுங்கிக்கொண்டே இருந்தது.
என் வீட்டில் கதவைச் சாத்தி,
சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு
அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இத்தனை டிஎம்சி, இத்தனை வண்டி,
இன்னின்ன ஸ்டேஷன் எல்லையில் நூற்று நாற்பத்து நான்கு.
நீரு, நீரு என்று பதினொரு தடவை வாசித்தாள்.
ஒரு தடவைகூடக் குரல் நனையவில்லை.

இடைவேளை. சோப்பு விளம்பரம்.
'அண்ணா, கொஞ்சம் தண்ணி.'

ஃப்ளோரில் ஆறு பேர்.
யாரும் திரும்பவில்லை, அல்லது
திரும்பாமல் இருக்கத் தெரிந்தவர்கள்.
பாட்டிலைக் கொடுத்தேன். குடித்தாள்.
வாயில் உதட்டுச்சாயம் ஒட்டியிருந்தது, பாட்டில் வாயில்.
ஐந்து, நான்கு என்று ஒருவன் விரல் மடக்கினான்.
மூன்றாவது விரலுக்குள்
மறுபடி முகம் வந்துவிட்டது அவளுக்கு.

அதைப்பற்றி அன்றைக்கும் பேசவில்லை,
அப்புறமும் பேசவில்லை.
மறுநாளே 'ப்ராம்ப்டர்' ஆகிவிட்டேன்.

இப்போது காலால் மிதிக்கிற பெடல் வந்தாயிற்று.
அவரவர் வேகத்தை அவரவரே மிதித்துக்கொள்ளலாம்.
எனக்கு மூன்று மாதச் சம்பளம், ஒரு சுவர்க்கடிகாரம்.
அவளுக்கு அடுத்த வருடமே எட்டு மணி போயிற்று.
இருபத்து நாலு வயதுப் பெண் ஒருத்தி
நின்றுகொண்டே வாசிக்கிறாள், மேசையே இல்லை.

ஹேமாவதி காலை ஆறரைக்கு ராசிபலன்.
பக்கத்தில் விபூதி பூசிய ஒருவர்
எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறார்.

தினமும் பார்க்கிறேன்.
அவசரப்படுகிறாள்.
மிதுனத்துக்கும் கடகத்துக்கும் நடுவே
மூச்சு விட இடமில்லை, கால் அழுத்துகிறது.
டீ டம்ளரைச் சுற்றிய கையில்
கட்டைவிரல் தானாகக் கொஞ்சம் பின்னுக்குப் போகிறது.

'சூடா இருக்கா?' என்கிறாள் மனைவி.