ஒரு முழம் இடப்பக்கம்

நூகு லெப்பை என்ற பேர்
ரேஷன் கார்டில்தான் இருந்தது.
ஊருக்கு அவன் துருக்கி.
மச்சான் துபாயிலிருந்து கொண்டுவந்த சிவப்புச் சட்டை,
நெஞ்சில் பிறையும் நட்சத்திரமும்,
முதுகில் ஒன்பது,
வால் உரிந்துபோய்ப் பூஜ்யமாகத் தெரியும்.
துருக்கி எந்தப் பக்கம் இருக்கிறதென்று
அவனுக்கும் தெரியாது, எனக்கும்.

தொண்டிக் கடற்கரை, ஐஸ் கம்பெனிக்குத் தெற்கே மைதானம்.
வடக்குக் கோல் என்னுடையது.
ஒரு போஸ்ட் விசைப்படகுக் குழாய்,
மற்றது மின்வாரியம் மறந்துபோன கம்பம்.
ஆனி ஆடியில் கச்சான் எழும்பினால்
கோலுக்கு அடித்த பந்து
கிழக்கே வளைந்து கடலில் மிதக்கும்.
நீந்திப் போய் எடுத்துவருவது
கோல்கீப்பர் வேலை.

துருக்கி மட்டும்
இடது போஸ்ட்டுக்கு ஒரு முழம் வெளியே அடிப்பான்.
எங்கேடா அடிக்கிறே என்று நான் சிரித்து முடிப்பதற்குள்
காற்று அதைக் கையைப் பிடித்து
உள்ளே கூட்டிவந்துவிடும்.
செவன்ஸ் ஆட்டத்தில்
அவனுக்கு அது எட்டாவது ஆள்.

தேவிபட்டினத்தில் ஓர் ஆடும் ஏழாயிரமும் ஜெயித்த ராத்திரி
சென்னைக்காரர் ஒருவர் வந்து
அவன் கணுக்காலைத் தொட்டுப் பார்த்தார்,
கன்று பிடிக்க வந்தவர் மாதிரி.
வேனுக்குள் ஆடு வழியெல்லாம் கத்தியது.

கையெழுத்துப் போட்ட தாள் வாட்சப்பில் வந்தது:
மாதம் பதினோராயிரம், சாப்பாடு தனி, பூட்ஸ் இரண்டு ஜோடி.

முதல் ஏழு ஆட்டம்.
நாலில் பெஞ்ச்.
மூன்றில் இறங்கினான், மூன்றிலும்
பந்து இடது போஸ்ட்டுக்கு ஒரு முழம் வெளியே போனது.
ஐஸ் உடைக்கிற இடைவேளையில்
போனில் பார்த்த எனக்குத் தெரியும்,
அவன் தப்பாக அடிக்கவில்லை.
அந்த ஸ்டேடியத்துக்கு நாலு பக்கமும் சுவர்.
வரவேண்டிய ஆள் வரவில்லை.

கேலரியிலிருந்து ஒருத்தன்
பழைய வார்த்தை ஒன்றை எறிந்தானாம்.
துருக்கி என்பதைத்தான்
நம் நாக்கு என்றோ அப்படித் திரித்துவைத்திருக்கிறது.
“ஊர்ல இருந்து யாரோ வந்திருக்காங்கன்னு
திரும்பிப் பார்த்துட்டேன்டா” என்றான்.
சிரிப்பு கொஞ்சம் தாமதமாக வந்தது.
நெட்வொர்க் என்று வைத்துக்கொண்டேன்.

ஜனவரியில் கோழிக்கோட்டு கிளப் ஒன்றுக்கு
அவனைக் கடன் கொடுத்தார்கள்.
“ஆளையுமா கடன் குடுப்பாங்க? வட்டி யாரு கட்டுறது?”
அவன் உம்மா கேட்டதற்கு
ஜமாஅத்தில் ஒருவரிடமும் பதில் இல்லை.

அங்கேதான் விழுந்தது முதல் கோல்.
எண்பத்து மூன்றாவது நிமிஷம், கார்னர், கும்பல்,
யாரோ அடித்தது அவன் முழங்காலில் பட்டு உருண்டது.
அப்போது அவன் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தான்.
மலையாளப் பேப்பரைப் பேக்கரிச் சேட்டன் படித்துச் சொன்னார்:
பேர் நூஹ், ஊர் தூத்துக்குடி.
உம்மா அதை வெட்டி ஃப்ரிட்ஜில் ஒட்டினாள்,
தலைகீழாக.

பிறகு ஒன்பது கோல். எல்லாம் நேர்க்கோடு.
காற்றை மறக்க ஆறு மாதம் பிடித்ததாம்,
தினமும் ஐந்நூறு உதை.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுநாள்
சபராளிகளுக்கும் உள்ளூர்க்காரர்களுக்கும் மேட்ச்.
மணலில் ஆடக்கூடாது என்கிறது ஒப்பந்தம்.
வெறுங்காலோடு இறங்கினான்,
அதே சிவப்புச் சட்டை, தோளில் இறுக்கம்.
கச்சான் கண்ணில் மண் தூவியது.
முதல் பந்து,
வலது மூலைக்கு நேராக
சம்பளம் வாங்குகிற உதை.
நான் அசையவில்லை,
அசைய நேரமும் இல்லை.
காற்று தட்டிவிட்டது.
பந்து கடலில்.

என் வேலையாயிற்றே, திரும்பினேன்.
அவன் என்னைத் தாண்டி ஓடி
இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் பந்தை அணைத்தான்.
மேற்கே முகம் திருப்பி, கண்ணை மூடி
அப்படியே நின்றான்.
ரெஃப்ரீ இரண்டு தரம் விசில் ஊதினார்.

அப்புறம் இரண்டு போட்டான்.
எப்படிப் போட்டான் என்று
கோல்கீப்பரிடம் கேட்கக்கூடாது.