மிச்சம்

தெலாவியில் மழை விட்ட காலை.
மேசைமேல் அக்ரூட் கொட்டைகள்.
"ஜோடி போடுங்கள்" என்றேன்.
பதினொன்றில் ஒன்று
உருண்டுபோய்த் தனியே நின்றது.
"ஒற்றைப்படை!" என்று கத்திய ஸுராப்
அதை உடைத்துத் தின்றுவிட்டான்.
பாடம் இரட்டைப்படை ஆயிற்று.

பிறகு முற்றத்தில் டெய்சிப் பூக்கள்,
ஆளுக்கொரு பிடி.
இரண்டிரண்டாய் அடுக்கிவந்த கேத்தோ
எட்டில் நின்றாள்.
மீதி இல்லை.
"இரட்டைதானே?"
தலையாட்டவில்லை அவள்.

இந்த ஊரில்
இரட்டைப் பூ இறந்தவர்களுக்கு.
மார்ச் மாதம் அவள் அத்தையின் மண்மேல்
ஆறு ரோஜா வைத்தாள்.
பக்கத்தில்தான் நின்றிருந்தேன்,
எண்ணத்தான் மறந்துபோனேன்.

ஒரு பூவை உருவி
ஸுராப்பிடம் நீட்டினாள்:
"இதையும் தின்றுவிடு."

மிச்சம் ஏழும்
எனக்கு.