பதினொரு அடி நாலு அங்குலம்

தையல் நாடாவால்தான் அளந்தேன்,
வேறென்ன இருக்கிறது என்னிடம்.
மதிலிலிருந்து மதில்வரை, கானையும் சேர்த்து,
பதினொரு அடி நாலு அங்குலம்.
லொறி நின்ற ஒரு மத்தியானம் அதையும் அளந்தேன்,
சட்டைக்குத் தோள் அளவு எடுப்பதுபோல
ஒரு கண்ணாடி நுனியிலிருந்து மறு கண்ணாடி நுனிக்கு:
ஒன்பதரை.
கழித்துப் பாருங்கள்.
மிச்சமிருக்கும் ஒரு முழத்துச் சொச்சத்தில்
மீன்காரர் பெட்டியோடு வரவேண்டும்,
பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகவேண்டும்.
எட்டு மாத வயிற்றோடு மசூதா
நேரே நடந்தாலும் உரசுகிறது,
பக்கவாட்டில் திரும்பினால் இன்னும் உரசுகிறது.

பஸ் நிலையத்துக்குப் பின்னால்,
கடல் காதில் விழும் ஆனால் கண்ணில் படாத தூரத்தில்
எங்கள் ஒழுங்கை.
அதன் கடைசி வீட்டைக் கனடாவில் இருந்தபடியே
வாட்ஸ்அப்பில் வாடகைக்கு விட்டார் நல்லசேகரத்தார்.
இப்போது குசினியில் பார்சல், சாமியறையில் பார்சல்.
மாதுளை நின்ற இடத்தில்
லொறி திரும்புவதற்கென்று ஒரு சீமெந்து வட்டம்.
வட்டம் சிறிது. லொறி பெரிது.
ஆகவே பெரிய வீதியிலிருந்தே
பின்னுக்குப் பின்னுக்கு வருகிறது.

விடிய நாலு நாற்பதுக்கு முதலாவது.
பின்னுக்கு வரும்போது பிறந்தநாள் மெட்டு வாசிக்கும்.
தினமும் யாருக்கோ பிறந்தநாள்.
ஒழுங்கைக் குழந்தைகள் அழுது வாழ்த்துகின்றன.

மான்களுக்கு மட்டும் அது நிற்கும்.
கோட்டைப் பக்கமிருந்து வந்து
நடுத்தார்மீது கால் மடக்கிப் படுத்திருக்கும் நாலைந்து.
உதவியாள் பையன் இறங்கி
“போங்கோ, போங்கோ” என்று கெஞ்சுவான்.
அவை முதலில் அசைபோட்டு முடிக்கும்.
நான் யன்னலால் பார்த்துக்கொண்டிருப்பேன்,
கொஞ்சம் பொறாமையோடு.

நகரசபைக்கு எழுதினோம். இருபத்துமூன்று கையெழுத்து.
ஒருவர் வந்தார், படம் எடுத்தார்,
எங்கள் ஒழுங்கைக்கு அறிவிப்புப் பலகை வைக்கும் தரம் இல்லையென்றார்.
போகும்போது அவருடைய மோட்டார்சைக்கிளும்
லொறிக்குப் பின்னால் இருபது நிமிடம் நின்றது.

துவாரகனுக்கு ஒன்பது வயது.
கேற்றைத் திறந்து சைக்கிளோடு வெளியே வர
மெட்டு வாசிக்காமல் வந்தது அன்றைய லொறி.
ஸ்பீக்கர் பழுதாம், பிறகு சொன்னார்கள்.
பிள்ளை கானுக்குள் பாய்ந்தான்.
மூடித் தரச்சொல்லிப் பத்து வருடமாக
நாங்கள் மனுப்போட்ட அதே கான்.
முழங்கை தேய்ந்தது, ஒரு செருப்புப் போயிற்று.
சைக்கிளின் முன்சில்லு மட்டும்
தமிழ் அரிச்சுவடியில் இல்லாத ஓர் எழுத்தாக வளைந்தது.

அதைப் பிலிப் மாஸ்டர் மின்கம்பத்தில் கட்டினார்.
மூன்றாம் நாளே ஆள் வந்து கழற்றினார்கள்.
கம்பத்தில் எதுவும் கட்டக்கூடாதாம்.
எவ்வளவு விரைவு!
இப்போது அது என் கேற்றில் தொங்குகிறது,
“இங்கே சாரி பிளவுஸ் தைக்கப்படும்” என்பதற்குக் கீழே.

இனி ஒன்று சொல்லவேண்டும், சொல்லாவிட்டால் சரியில்லை.
போன வியாழன் அந்தப் பையன் என் பெயரைக் கூப்பிட்டான்.
சிப்பு நூறு, கொக்கி ஒரு பெட்டி.
கடையில் வாங்குவதைவிட எழுபது ரூபாய் குறைவு.
கையெழுத்துப் போட்டேன்,
மனுவில் போட்ட அதே கையெழுத்து.
சாரதி சுரங்க இறங்கவில்லை.
சில்லைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்,
“பொடியனுக்கு எப்படி?” என்றான் உடைந்த தமிழில்.
விடியற்காலை ஹபரணையில் தேத்தண்ணீர் குடித்த கண்,
இன்னும் தூங்காத கண்.
“இருக்கிறான்” என்றேன். அதற்குமேல் கோபமும் வரவில்லை,
மன்னிப்பும் வரவில்லை.

இந்த வாரம் லொறியை நிறுத்தியதும்
இரண்டு கண்ணாடியையும் உள்ளே மடக்குகிறான்.
நாடாவோடு போனேன்.
எட்டேகால்.
மூன்று அடி ஒரு அங்குலம் கிடைத்திருக்கிறது எங்களுக்கு.
மசூதா வார்டிலிருந்து திரும்பிவிட்டாள்,
துணியில் சுற்றிய ஒன்றைத் தோளில் போட்டபடி
லொறியைக் கடந்து போகிறாள்,
மதிலில் ஒரு கை வைத்து.

நாளைக்கும் நாலு நாற்பது.
ஸ்பீக்கரைத் திருத்திவிட்டார்கள்.