கடைசி இரண்டு கிழமைச் சம்பளம்

சப்பனல் தெருத் தையல் ஆலையைப் பூட்டிய அன்று
ஆளுக்கொரு பொருள்.
ஒருத்திக்கு மின்விசிறி, ஒருத்திக்கு நூல்கட்டைப் பெட்டி.
எனக்குக் கந்தோர்க் கொம்பியூட்டர்.
"காசை விடக் கூடப் பெறுமதி" என்றான் மிஸ்யூ பெல்த்தியே,
கண்ணைப் பாராமல்.

சாமான் தள்ளுவண்டியில் ஏற்றி
போர்வை சுற்றி
மொன்றியல் உறைபனியில் குவெர்ப் தெருவரை உருட்டினேன்.
சில்லு ஒன்று கழன்று கழன்று வந்தது.
"முப்பது டொலருக்கு வித்துவிடு" என்றார் இவர்.
கோப்பை கழுவ அவர் இரவு வேலைக்குப் போன பிறகு
வயரைச் செருகினேன்.

எனக்கு எந்த மெசினும் காலால்தான் தொடங்கும்.
மேசைக்கடியில் வலது கால்
தன்பாட்டில் பெடலைத் துழாவியது.
கிடைத்தது செருப்பு.

இரண்டு தரம் தட்ட வேண்டுமாம்,
நூலகத்துப் புத்தகம் படம் போட்டுச் சொன்னது,
இடையில் மூச்சு விடாமல்.
என் முதல் தட்டலுக்கும் அடுத்ததற்கும் நடுவில்
ஒரு பஸ் வந்து ஆள் இறக்கிப் போய்விடும்.
மூன்றாம் இரவு
மஞ்சள் பை ஒன்று திறந்தது.
பயத்தில் உடனே மூடினேன்.

ஆலை எனக்குக் கற்பித்த பிரெஞ்சு மூன்று சொல்:
வீத், வீத், ஆங்கோர்.
கெதியாய், கெதியாய், இன்னொருக்கால்.
இந்தப் பெட்டியோ எதற்கும் முதலில்
"நீங்கள்" போட்டுக் கேட்டது:
நிச்சயம்தானா?
ஏழு வருசம்
அதே கந்தோர் வாசலில் நின்றவளை
ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை.

கீழே மூன்று பொத்தான். வுய். நோன். அனுலே.
அனுலேதான் எனக்குப் பிடித்தது.
அமத்தினால்
ஒன்றும் நடக்காத மாதிரி எல்லாம் பழையபடி நிற்கும்.
சும்மா சும்மா எதையாவது தொட்டுவிட்டு
அனுலே அமத்தி இருந்தேன் ஒரு கிழமை.

பிறகு மஞ்சள் பையைத் திரும்பத் திறந்தேன்.
உள்ளே கட்டம் கட்டமாய் ஒரு தாள்.
பெயர்கள். பக்கத்தில் இலக்கங்கள்.
எட்டாவது வரியில் "ரட்னெஸ்" என்று
பாதியில் வெட்டுண்டு நான்.
என் இலக்கம் இருக்க வேண்டிய இடத்தில்
வேலி போல் #####.

புத்தகம் சொன்னபடி
கட்டத்தின் ஓரக்கோட்டைப் பிடித்து இழுத்தேன்,
துணியின் சுருக்கு நீவுகிற மாதிரி.
இரத்தினேஸ்வரி முழுதாய் வந்தாள்.
வேலி விலகி இலக்கம் வந்தது.
ஒக்டோபர் முதல் கிழமை, கழுத்துப்பட்டி 380.

என்னிடம் ஒரு கறுப்புக் கொப்பி இருக்கிறது.
ஒவ்வொரு நாளும் பஸ்ஸுக்குள் வைத்து எழுதினது,
சிலது பென்சில், சிலது மை கசிந்து.
ஒக்டோபர் முதல் கிழமை: 412.

அடுத்த கிழமை முப்பது குறைவு. அதற்கடுத்தது இருபத்தெட்டு.
தீபாவளிக் கிழமையில் மட்டும் சரியாய் இருந்தது,
ஏனென்று தெரியாது.

ஒரு விரலால்
380ஐ அழித்து 412 அடித்தேன்.
யாரும் சொல்லாமலே
கடைசிக் கட்டத்தில் கூட்டுத்தொகை அசைந்தது.
நான் கை வைக்கவில்லை. அது தானே கணக்குப் பார்த்தது.
கையை எடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் இருந்தேன்.

நடுச்சாமம் தாண்டி வருசம் முழுக்கத் திருத்தினேன்.
நூற்று அறுபத்தெட்டு டொலர்.
நாலு மாதத்து பஸ் அட்டை.
மூட வெளிக்கிட, பெட்டி கேட்டது:
மாற்றங்களைப் பதியவா?
விரல் பழக்கத்தில் அனுலே பக்கம் போனது.
போனதைத் திருப்பி
வுய்.

அதற்குப் பிறகுதான் ஒன்பதாவது வரியைப் பார்த்தேன்.
மரி-ஆஞ்ச். ஹெயிற்றிக்காரி.
எனக்குப் பக்கத்து மெசின்.
என்னை விடக் கெதியாய்த் தைப்பாள்,
அவளுக்கு எழுதியிருந்தது 340.

வரியின் கடைசிக் கட்டத்திலும் வேலி.
இழுத்தேன்.
ஐந்து, ஒன்று, நான்கு என்று தொடங்கியது
தொலைபேசி இலக்கம்.

நேரம் ஒன்றே கால்.
அவள் பிள்ளைக்குப் பால் கொடுக்க எழும்புகிற நேரம்,
அவளே சொல்லியிருக்கிறாள்.
கொப்பியை மடியில் விரித்து வைத்துக்கொண்டு
சுழற்றினேன்.