ஒன்பது கண்ணாடி

ஆறே முக்காலுக்குச் செங்கொடி ஏற்றினேன்.
ஜெகதேவி சாலையிலிருந்து உள்ளே தள்ளி
கரட்டைச் சுவராக நம்பி நிற்கும் சுடுதளம்.
புளியமரத்தடிக்கு ஆடு ஓட்டிவந்த இருவரை
விசிலடித்துத் திருப்பியாயிற்று.
பெட்டி திறந்து கணக்கு:
துப்பாக்கி பத்து, இலக்கு பத்து,
காதுக்குப் பஞ்சு வேண்டுமளவு,
கண்ணாடி பத்து.
அதில் ஒன்றுக்கு இடப்பக்கம் விரிசல்.
விரிசல் விட்டதைக் கண்ணாடி என்று
பதிவேட்டில் எழுதக் கை வரவில்லை.
என்னுடையது பவர் கண்ணாடி,
வேறு யாருக்கும் ஆகாது.

"ஒரு ஆளுக்குத்தானே" என்றார் ஆய்வாளர்.
"பத்து மணிக்குள்ள முடியணும்.
மதியம் மாங்கனிக் கண்காட்சி பந்தோபஸ்து."
அவர் கெட்டவர் இல்லை.
கைக்கடிகாரம் கட்டியவர், அவ்வளவுதான்.

தோட்டாப் பெட்டியைப் பூட்டி
சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு
எதிரே இருந்த கல் பட்டறைக்கு நடந்தேன்.

கிரானைட் அறுக்கும் சத்தம்
பல்லுக்குள் வந்து உட்காரும்.
தண்ணீரும் கல்மாவும் கலந்து
தரையெல்லாம் நீர்த்துப்போன தோசைமாவு.
பெயர் கேட்டேன். திம்மராயன் என்றார்.
விஷயத்தைச் சொன்னேன்.
நெற்றிக்கு ஏற்றியிருந்ததைக் கழற்றி
சட்டை நுனியில் துடைத்து நீட்டினார்.
"உங்களுக்கு வேற இருக்கா?"
"இருக்கு மேடம்."
நம்பினேன்.
நம்புவது அப்போது எனக்கு வசதியாக இருந்தது.

குழல்வாய் எப்போதும் மண்மேட்டைப் பார்க்க.
நான் சொல்லும்வரை விரல் விசைக்கு வெளியே.
காலி என்று நினைக்கிற துப்பாக்கிதான்
கூட நிற்பவனைச் சுடும்.
பதினோரு வருஷமாக இதையே சொல்கிறேன்.
மூன்றாம் அணியில் ஒரு பையன்
"மேடம், அடைச்சுக்கிச்சு" என்று
துப்பாக்கியோடு திரும்பினான்.
அந்தச் சின்னக் கருப்பு வட்டம்
என் பெயர் தெரிந்ததுபோல் என்னைப் பார்த்தது.
குழலைப் பிடித்து மண்மேட்டுக்குத் திருப்பினேன்.
திட்டவில்லை. முகம் ஏற்கனவே வெளுத்திருந்தது.
போய்த் தண்ணி குடிடா என்றேன்.

பத்தாம் தடத்தில் சின்னபாப்பா,
ஊத்தங்கரைப் பக்கம், இடக்கைக்காரி.
துப்பாக்கி செய்தவர்கள்
இடது தோளை யோசித்ததில்லை.
வலப்பக்கம் தெறிக்கும் வெற்றுத்தோட்டா
அவளுக்கு முகத்துக்கு நேரே.
நான்காம் குண்டு.
வெடிச்சத்தத்துக்குள் இன்னொரு சத்தம்,
வளையல் நிலைப்படியில் பட்டதுபோல.
"நிறுத்து!"
பத்து விரல்களும் வெளியே வந்தன.
கல்தூசி கீறிக் கீறி மங்கின கண்ணாடியில்,
அவள் வலக்கண்ணுக்கு நேர் முன்னே
புதிதாய் ஒரு பள்ளம், கடுகளவு.
பித்தளைக் கூடு காலடியில் சூடாகக் கிடந்தது.
சிமிட்டினாள். மறுபடி சிமிட்டினாள்.
"தெரியுது மேடம்."
மீதி ஆறையும் சுட்டாள். ஐந்து இலக்கில்.

பத்தேகால் மணிக்குக் கொடி இறக்கி
கண்ணாடியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன்.
திம்மராயனிடம் வேறு கண்ணாடி இல்லை.
துண்டை முக்காடாக இழுத்துவிட்டு
கண்ணைக் கீற்றாக இடுக்கி
மூன்று மணி நேரமாக அறுத்துக்கொண்டிருந்தார்.
வலக்கண் ரத்தமாய்ச் சிவந்து நீர் கட்டியிருந்தது.
"தூசிதான் மேடம். ராத்திரி தூங்கினா போயிடும்."
பள்ளத்தைக் கட்டைவிரலால் தடவினார்.
"கல்லா?"
"தோட்டாக் கூடு."
"அப்ப நல்லாத்தான் தாங்குது" என்று
மாட்டிக்கொண்டு மெஷினைப் போட்டார்.

கண்காட்சியில் சாயங்காலம்வரை நின்றேன்.
மல்கோவா, செந்தூரா, பெங்களூரா, தட்டுத் தட்டாக.
முகர்ந்து பார்க்கிறவர்கள் எல்லோரும்
கண்ணை மூடிக்கொண்டார்கள்.
அப்போதுதான் உறைத்தது:
ஒன்பது ஒன்பது பேராகச் சுட்டிருக்கலாம்.
ஒரு தடத்தைக் காலியாக விட்டால் போதும்.
அரைமணி நேரம் கூடியிருக்கும்.

பதிவேட்டில் கண் பாதுகாப்பு என்ற கட்டத்தில்
காலையிலேயே எழுதியிருந்தேன்: முழுமை.
ராத்திரி பார்த்தபோது
அதன் பக்கத்தில் கொஞ்சம் இடம் இருந்தது.
திம்மராயன், எதிர்க் கல் பட்டறை,
வலக்கண் என்று எழுதினேன்.
அந்தக் கட்டம் அதற்கானதில்லை.